உ போடாத தாள்

உ
பூவரசங்குளம்,
9.9.1984

அன்புள்ள பத்மாசனி அக்கா,

பாடுது அக்கா, நாலு வருசமாய்க் கோழிக்கூட்டுக்கு மேல செத்துக் கிடந்த றேடியோ இண்டைக்குக் காலமை பாடுது, அதுவும் உங்களாலதான் பாடுது!

உங்களுக்கு என்னைத் தெரியாது. நான்தான் உங்களை நெட்டுருப் பண்ணி வைத்திருக்கிறேன். போன மாதம் அம்மா வாங்கிய நாயாற்றுக் கருவாட்டை ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். விரித்தால், வரைபடம் இல்லாத றேடியோவுக்கு வரைபடம் எடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை. எழுதியவர் பத்மாசனி ஏரம்பு, முரசுமோட்டை. அக்கா, அந்த ஊர்ப் பெயரை உரக்க வாசித்தேன்! லண்டன் இல்லை, கொழும்பு இல்லை, பரந்தனுக்குப் பக்கத்து முரசுமோட்டை! நான் வானொலிக்கு நேயர் விருப்பம் எழுதிப் போட்டு என் பெயரை வாசிக்க வைத்தவன். அன்றைக்குக்கூட இவ்வளவு துள்ளவில்லை.

மூன்றாம் பந்தி முழுக்கக் கருவாட்டு எண்ணெய். மிச்சத்தை வைத்துச் செய்து பார்த்தேன். பலகையில் செம்புப் பாதை ஓடுகிற பக்கத்தில் எண்ணெய் தடவிய தாளை வைத்து, ஒவ்வொரு பாதையையும் பென்சிலால் பிடித்தேன். பிறகு ஒரு பற்றரியையும் ரோச்லைட் பல்ப்பையும் வைத்து எது எதோடு சேருகிறது என்று பார்த்தேன். நீங்கள் எழுதிய மாதிரியே, வரைகிற தாளில் ஓர் எழுத்தும் எழுதவில்லை. எழுத்தின் வால் செம்புப் பாதைபோலத் தெரிந்து ஏமாற்றிவிடும், குறிப்பை வேறு தாளில் எழுத வேண்டும் என்றீர்களே, அதை மந்திரம்போலச் சொல்லித் திரிகிறேன். ஓரிடத்தில் பல்ப் எரியவில்லை. உற்றுப் பார்த்தால் மயிர் அளவு வெடிப்பு. ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். பாடுது!

என் பெயர் முத்துலிங்கம், வயது பத்தொன்பது. எங்கள் ஆட்கள் மலையில் கொழுந்து பறித்தவர்கள். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து காடு வெட்டி உளுந்து போடுகிறோம். றேடியோ பாடியதும் என் தங்கச்சி சிவலட்சுமிதான் முதலில் ஓடி வந்தாள். அவளுக்குக் காது மந்தம். வவுனியாவில் நடந்த காது வைத்திய முகாமில் கொடுத்த காது மெஷினைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறாள். அந்தப் பெட்டியை றேடியோவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, 'இது உண்மையாவே நம்ம றேடியோவா?' என்று கேட்டாள்.

ஓம் அக்கா, நம்ம றேடியோ! மூன்றாம் பந்தியில் என்ன எழுதியிருந்தீர்கள்? தயவுசெய்து எழுதுங்கோ.

உங்கள் விசிறி,
ச. முத்துலிங்கம்


உ
சிவமயம்
முரசுமோட்டை,
23.9.1984

தம்பி முத்துலிங்கம் அறிவது,

உமது கடிதம் கிடைத்தது. கடை வாசலில் வைத்து வாசித்தேன். அண்ணா வந்து, 'என்ன சிரிக்கிறாய், ஆருக்குக் கலியாணம்?' என்றார். அவர் கேட்டதை வாயைப் பார்த்துத்தான் அறிந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பெரிய ஆள் இல்லை. அண்ணா யோகநாதனின் சைக்கிள் கடை மூலையில் எனக்கு ஒரு மேசை இருக்கிறது. றேடியோவும் பாட்டுப் பெட்டியும் திருத்துகிறேன். எந்தக் கம்பனியும் வரைபடம் தருவதில்லை. சிலர் சாமான்களின் இலக்கத்தைக்கூடச் சுரண்டிவிட்டு விற்கிறார்கள். ஆகவே பலகையையே கேட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் பந்தியில் இருந்தது இதுதான்: பலகை பொய் சொல்லாது, அவசரப்படுகிறவர்தான் பிழையாக வாசிப்பார்.

இப்போது ஒரு கேள்வி. உமது தங்கச்சியின் மெஷின் பால் நிறப் பெட்டியா? பக்கத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற சிவப்புச் சில்லு ஒன்று இருக்கிறதா? அப்படியென்றால் அதே முகாமில் நானும் ஒன்று வாங்கினேன். எனக்கும் காது கேளாது. என்னுடையது ஆடியில் நின்றுவிட்டது. பற்றரி கசிந்து உள்ளே பச்சையாய்ப் பூத்து, செம்புப் பாதை எல்லாம் உதிர்ந்துபோயிற்று. சாமான்கள் தப்பியிருக்கின்றன. யார் யாரோடு சேர்ந்திருந்தார்கள் என்பதைத்தான் சொல்ல ஆளில்லை.

போன கிழமை ஒருவரின் றேடியோவைத் திருத்திக் கொடுத்தேன். ஒலிபெருக்கிக் கூம்பில் விரல் வைத்துப் பார்த்தேன், நன்றாய் அதிர்ந்தது. அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார். 'பிள்ளை, இது பாடேல்லை, ஊளையிடுது' என்று சொல்லியிருக்கிறார். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள், நானும் ஏன் என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தேன். அண்ணா அன்றைக்கே எழுதிக் காட்டிவிட்டார்: பொங்கலுக்குள் காது சரிவராவிட்டால் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டயர் அடுக்கப் போகிறாராம். அவர் கெட்டவர் இல்லை. சனம் சிரித்ததை அவரால் பொறுக்க முடியவில்லை.

தங்கச்சி சம்மதித்தால் அந்தப் பலகையை எனக்கு வரைந்து அனுப்புவீரா? மெஷினைத் தபாலில் போட வேண்டாம். அது அவளுடைய காது.

பத்மாசனி


உ
பூவரசங்குளம்,
10.10.1984

அன்புள்ள அக்கா,

பால் நிறப் பெட்டிதான்! சிவப்புச் சில்லுதான்! எனக்குப் புல்லரிக்கிறது அக்கா, நான் நெட்டுருப் பண்ணிய ஆளுக்கே நான் படம் வரைகிறேன்!

நேரிலேயே கொண்டு வந்திருப்பேன். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்துப் பெடியன்களை இறக்குகிறார்கள், அம்மா சந்திக்கே விடுகிறாள் இல்லை. தங்கச்சியிடம் கேட்டேன். கழற்றிக் கையில் தந்துவிட்டாள்.

'எடுத்துக்க. ரெண்டு நாளைக்கு அம்மா ஏசுறது கேக்காம நிம்மதியா இருக்கேன்.'

அம்மாவுக்குத்தான் கோபம். 'ஏன்டா, இருக்கிற ஒண்ணையும் பிரிச்சுப் போட்டுட்டா எம் பிள்ளைக்கு நாளைக்கு யாருடா காது குடுப்பா?'

'அக்காவுக்கு வேணும்மா.'

'எந்த அக்கா?'

'பேப்பர்ல எழுதினாங்களே, அந்த அக்கா.'

'எது, கருவாட்டுப் பேப்பரா?'

அப்படிச் சொன்னாலும் எண்ணெய்ப் போத்தலை அவள்தான் எடுத்துத் தந்தாள். மெல்லிய தாள் வாங்கி, தேங்காயெண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு தெளிவாய்த் தெரியும். வரையத் தொடங்கும்போது அம்மா குனிந்து பார்த்துவிட்டு, 'என்னடா, உனா போடாம ஆரம்பிக்கிற? வெளங்குமா?' என்றாள்.

'இந்தத் தாளில ஒரு எழுத்தும் போடக்கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்கம்மா.'

'புள்ளையாரையுமா போடக்கூடாதுன்னாங்க?'

எனக்கே மனம் ஒப்பவில்லை அக்கா. பள்ளிக்கூடக் கணக்கு, கடைச் சாமான் துண்டு, எதையும் உ போடாமல் நான் எழுதியதில்லை. ஆனாலும் உங்கள் சொல் சொல்தான். ஒரு புள்ளிகூட மிகையாய் வைக்கவில்லை.

குறிப்பை இதிலேயே எழுதுகிறேன். இலக்கம் சுரண்டிய டிரான்சிஸ்டர் மூன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. மூன்றின் தட்டை முகமும் பெட்டியின் மேலே இருக்கிற ஒலிவாங்கியைப் பார்க்க நிற்கின்றன. மெஷினைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். வேலை செய்கிறது. அம்மா ஏசியது கேட்டுச் சிவலட்சுமி காதைப் பொத்திக்கொண்டாள்.

விசிறி,
முத்துலிங்கம்


உ
சிவமயம்
முரசுமோட்டை,
18.11.1984

திரு. ச. முத்துலிங்கம் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய படம் பிழை.

ஒரு பக்கம் முழுக்கச் செம்பு பூசிய வெற்றுப் பலகையில் உங்கள் படத்தைப் பார்த்து, அண்ணி நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸால் ஒவ்வொரு பாதையையும் வரைந்தேன். செம்பை அரிக்கிற மருந்தில் போட்டேன். கியூட்டெக்ஸ் பூசிய இடம் நின்றது, மற்றது கரைந்தது. அழகான பலகை. சாமான் எல்லாம் ஒட்டி, பற்றரி போட்டு, காதில் வைத்தேன்.

ஒன்றுமில்லை.

முதலில் என் ஈயத்தைத்தான் சந்தேகப்பட்டேன். கழற்றி ஒட்டினேன். பிறகும் கழற்றி ஒட்டினேன். தட்டை முகம் ஒலிவாங்கியைப் பார்க்க என்று நீங்கள் எழுதியதை மட்டும் ஒருமுறையும் சந்தேகப்படவில்லை. நான் எழுதியதை ஒருவர் எழுத்துக்கு எழுத்து மதித்தால், அவர் எழுதியதை நானும் மதிக்க வேண்டும் என்று நினைத்தேன். கழற்றிக் கழற்றி இரண்டு டிரான்சிஸ்டருக்குக் கால் அடியோடு ஒடிந்துவிட்டது. அந்த அளவில் வேறு என்னிடம் இல்லை. இந்த மழையில் யாழ்ப்பாணம் போய்வர ஆளும் இல்லை.

அண்ணா இன்று டயர் அடுக்க அளவு எடுத்தார். என் மேசையின் நீளத்தைத்தான் அளந்தார்.

உங்களை ஏசவில்லை. ஆர்வம் இருந்தால் போதாது, அவசரப்படாத ஆறுதலும் வேண்டும்.

ஏ. பத்மாசனி


உ
பூவரசங்குளம்,
2.12.1984

அன்புள்ள அக்கா,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'திரு.' என்றும் போட்டிருக்கிறீர்கள். ஏசியிருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது. என்னை 'நீர்' என்றே எழுதுங்கோ.

கடிதம் வந்ததும் ஒன்றும் சாப்பிடவில்லை. தங்கச்சியின் மெஷினைத் திரும்பவும் திறந்தேன். அம்மா இந்தமுறை ஏசவில்லை, விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். உங்களுக்கு அனுப்பிய படத்துக்கு முன் வரைந்து என்னிடம் வைத்திருந்த முதற் படத்தோடு ஒவ்வொரு பாதையையும் பல்ப் வைத்துப் பார்த்தேன். எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது, எரியக்கூடாத இடத்தில் எரியவில்லை. அக்கா, அம்மா மேல் சத்தியமாய்ப் படம் சரி! உங்களைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வராது. படத்தைப் பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அப்படியென்றால் என்ன பிழை? என் மண்டை வெடிக்கிறது.

இதோடு ஒரு பல்பொடி டின் வருகிறது. உள்ளே டிரான்சிஸ்டர் இரண்டு. கால் வளையாமல் இருக்க, பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி அதில் குத்தி வைத்திருக்கிறேன். இதே அளவு, இதே முகம். எங்கே கிடைத்தது என்று கேட்க வேண்டாம், கிடைத்தது.

நீங்கள் என்னோடு கோபமாய் இருந்தாலும் பரவாயில்லை. அந்த மேசை போகக்கூடாது. வன்னிக்குள் வரைபடம் இல்லாமல் பலகை வாசிக்கிற மேசை வேறு எங்கே இருக்கிறது?

முத்துலிங்கம்

பி.கு: அண்ணன் தபாலுக்குக் குடுக்கச் சொன்னான், நான் திறந்து எழுதுறேன். அந்த ரெண்டும் அவனோட றேடியோவில இருந்து புடுங்கினது. இப்ப அது பாடல. உங்ககிட்ட சொல்லக்கூடாதாம், அதான் சொல்றேன். சிவலட்சுமி.


உ
சிவமயம்
முரசுமோட்டை,
23.12.1984

தம்பி முத்துலிங்கம் அறிவது,

நீர். நீர். நீர். போதுமா?

உமது கடிதம் மழையில் ஊறி வந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் என்று, கடைக்குள் டியூப் தொங்கவிடுகிற கம்பியில் கிளிப் போட்டுக் காயவிட்டேன். அடுத்த நாள் கொஞ்சம் வெயில். நான் மேசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தபோது தாளின் முதுகுப் பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் அதனூடாக வந்தது. மேலே நீர் போட்ட உ, வால் மற்றப் பக்கம் இழுபட்டு, பிழையான உ ஆக நின்றது. யாரடா இது, பிள்ளையாரைத் திருப்பி வைத்தது என்று நினைத்தேன்.

நினைத்த கையோடு எழும்பி, நீர் அனுப்பிய எண்ணெய்த் தாளை எடுத்தேன். அதில் உ இல்லை. எழுத்தே இல்லை. எது முகம், எது முதுகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

நான் அதை முதுகுப் பக்கத்தால் பார்த்து வரைந்திருக்கிறேன், தம்பி. உமது படத்தில் ஒரு குற்றமும் இல்லை. எழுத்துப் போடாதே என்று பேப்பரில் எழுதியவள் நான். அதைக் கேட்டுப் பிள்ளையாரையும் விட்டுவிட்டவர் நீர். அம்மாவிடம் சொல்லும், அவா கேட்டதுதான் சரியான கேள்வி.

இனி நடந்ததைக் கேளும். என் பலகையில் எல்லாப் பாதையும் இடம் வலமாய் மாறியிருக்கிறது. சரி, மாறினால் என்ன? இரண்டு கால் சாமான்கள் பாதையோடு சேர்ந்து இடம் மாறி நின்றுகொண்டன, அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை. மூன்று கால் ஆட்கள்தான் பழையபடி ஒலிவாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதனால் முதற் காலும் கடைசிக் காலும் மாறிப் போயின. பலகையை எறியத் தேவையில்லை. மூன்று பேரையும் மற்றப் பக்கம் திருப்பி நிறுத்தினால் போதும்.

உமது றேடியோவில் பிடுங்கியவை என்று தங்கச்சி எழுதிய அந்த இரண்டையும் மீற்றரில் வைத்துக் கால்களைப் பார்த்துக்கொண்டேன். மிஞ்சிய ஒன்றோடு சேர்த்துத் திருப்பி ஒட்டினேன். பற்றரி போட்டேன். மெஷினின் காதுக் கட்டையைக் காதில் வைத்துச் சிவப்புச் சில்லை மெல்லத் திருப்பினேன்.

முதலில் இரைச்சல். உமக்குத் தெரியாது தம்பி, ஒன்றுமே கேளாதவருக்கு அந்த இரைச்சல் எவ்வளவு நல்ல சத்தம். பிறகு என் முதுகுக்குப் பின்னால் அண்ணா யாருக்கோ சொல்லுகிறார்:

'பொங்கல் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பிறகு உந்த மேசையை இழுத்து வெளியில போடவேண்டியதுதான், அவளுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் தெரியேல்லை.'

நான் திரும்பவில்லை. ஈயத்தைப் பார்த்தபடியே, 'வெளியில எங்க போடப்போறாய் அண்ணா? மழையெல்லோ பெய்யுது' என்றேன்.

அவர் கையில் இருந்த சாவி சீமெந்தில் விழுந்தது. அது விழுந்ததும் கேட்டது.

பத்மாசனி


உ
பூவரசங்குளம்,
6.1.1985

அன்புள்ள அக்கா,

கேட்டுட்டுது! கேட்டுட்டுது! கேட்டுட்டுது!

கடிதத்தை வாசித்து முடிக்கும் முன்பே கத்திவிட்டேன். பக்கத்துக் காணியில் உளுந்து பிடுங்கிய வீரையா மாமா, என்னைப் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து மண்வெட்டியோடு ஓடி வந்தார். 'இல்ல மாமா, முரசுமோட்டையில அக்காவுக்குக் காது கேட்டுடுச்சு' என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல், 'அதுக்கு இங்க ஏன்டா கத்துற, அங்க வரைக்கும் கேக்கவா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதுகுப் பக்கத்தால் வரைந்த பலகையையே எறியாமல் ஆட்களை மட்டும் திருப்பி வேலை வாங்கினீர்களே! நான் என்றால் கோபத்தில் எல்லாவற்றையும் குளத்தில் எறிந்திருப்பேன். என்ன ஆள் அக்கா நீங்கள்! அந்தப் பந்தியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்கு அவள் பங்கை மூன்று தரம் வாசிக்க வேண்டியதாயிற்று. இப்போது, 'பேப்பர்ல எழுதின பிள்ளையே ஒத்துக்கிச்சு' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். கருவாட்டுப் பேப்பர் என்று சொல்லுவதில்லை.

றேடியோவைப் பற்றி யோசிக்க வேண்டாம். அது பழையபடி கோழிக்கூட்டுக்கு மேல் இருக்கிறது, கோழிக்குச் சந்தோசம். என் பாட்டு முரசுமோட்டையில் கேட்கிறது, எனக்கு அது போதும். தங்கச்சியை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அண்ணா டயரை எங்கே அடுக்கினார்? மேசை இருக்கிறதா? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

விசிறி,
முத்துலிங்கம்


உ
சிவமயம்
முரசுமோட்டை,
20.1.1985

தம்பி முத்துலிங்கம் அறிவது,

மேசை இருக்கிறது. அண்ணா டயரைத் தான் இருக்கிற கதிரைக்குப் பின்னால் அடுக்கிவிட்டு, இப்போது கால் நீட்ட இடமில்லை என்று முணுமுணுக்கிறார். முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது என்பதை இன்னும் மறந்து மறந்து போகிறார். ஊளையிட்ட றேடியோக்காரர் பொங்கலன்று வந்தார். பெட்டியைத் திறக்க முன்பே, 'இது கீச்சிடுது அண்ணை' என்றேன். அவர் கும்பிட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

பொங்கலுக்கு முன் அண்ணா சைக்கிள் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போனார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இதோடு வருகிற டின் உம்முடைய பல்பொடி டின்தான், செருப்பும் உம்முடைய செருப்புத்தான். அதில் குத்தியிருக்கிற நாலும் புதியவை. இரண்டு உமது றேடியோவுக்கு. இரண்டு கைவசம் இருக்கட்டும், கால் ஒடியும்.

கீழே துணியில் சுற்றி இருப்பது தங்கச்சிக்கு. அவளுடைய மெஷினுக்குச் சாமான் ஒட்டாத ஒரு பலகை செய்திருக்கிறேன், இந்தமுறை சரியான பக்கத்தால். என்றைக்காவது அது பச்சை பூத்தால் அவள் ஒரு கிழமையும் கேளாமல் இருக்கக்கூடாது. ஒரு மூலையைப் பாரும். எந்தப் பாதையையும் தொடாமல், கியூட்டெக்ஸால் ஒரு உ எழுதி, மருந்தில் போட்டேன். செம்பிலேயே நிற்கிறது. அது நேராய்த் தெரிந்தால் நீர் பார்க்கிற பக்கம் சரி.

பேப்பருக்கும் எழுதிவிட்டேன், என் கட்டுரையில் ஒரு வரி பிழை என்று. போடுவார்களோ தெரியாது. ஆகவே நீர் சொல்லும். உமக்குத்தான் நன்றாய்க் கத்த வரும். பூவரசங்குளத்தில், வவுனியாச் சந்தையில், உம்மைப்போல வானொலிக்கு எழுதுகிற நேயர்களுக்கு, எல்லாருக்கும் சொல்லும்: கூரையிலும் கோழிக்கூட்டிலும் செத்துக் கிடக்கிற பலகைகளை எறிய வேண்டாம், இறக்கிக் கொண்டு வாங்கோ. ஒரு பெட்டியின் பாதை ஒருவரிடம் உதிர்ந்து போயிருந்தாலும் அதே பெட்டி இன்னொருவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கும். எண்ணெய்த் தாளில் வரையுங்கோ. மூலையில் ஒரு உ போடுங்கோ. வேதக்காரரான கிறிஸ்தவரும் இசுலாமான ஆட்களும் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போடட்டும், பலகைக்கு எல்லாம் ஒன்றுதான். படம் முரசுமோட்டைச் சைக்கிள் கடைக்கு வந்தால், நான் பிரதி எடுத்துத் தேவைப்பட்டவருக்கு அனுப்புவேன். உம்மிடம் வருவதை நீர் வைத்துக்கொண்டிராமல் எனக்கும் அனுப்பும்.

இனி உம்முடைய வேலை. அந்தப் புதிய இரண்டையும் இன்றைக்கே றேடியோவில் ஒட்டும். தட்டை முகம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன், பலகையைக் கேளும். பாடத் தொடங்கியதும் அம்மாவையும், தங்கச்சியையும், மண்வெட்டி மாமாவையும் கூப்பிட்டுச் சுற்றி இருத்தும். முதலில் என்ன பாட்டு வந்தது என்று எனக்கு எழுதும்.

மேலே உ போட மறவாதேயும்.

பத்மாசனி